எந்த ஊர் ரெப்ரி?

கூடைப்பந்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். நிலம், கூலி, குடிதண்ணி, சுடுகாட்டுப் பாதை என்று எழுத வேண்டியது மலை மாதிரி குவிந்து கிடக்கும்போது பந்தும் கூடையும் எதற்கு? நான் பகலில் இயக்க வேலையும் எழுத்து வேலையும் பார்க்கிறவன். சாயங்காலமானால், அதிலும் கோடை லீவில் ஊருக்கு ஊர் நடக்கும் மின்னொளிப் போட்டிகளில், கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ரெப்ரியாக ஓடுகிறவன். பத்து வருசத்துக்கு மேலாக இந்த ஓட்டம். அதில் நான் பார்த்ததும் கேட்டதும் கூலிப் பிரச்சினைக்கும் சுடுகாட்டுப் பிரச்சினைக்கும் ரொம்பத் தூரத்தில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சடுகுடு மாதிரி மண்ணிலிருந்து தானாக முளைத்த ஆட்டம் இல்லை இது. உட்கார்ந்து எழுதப்பட்ட ஆட்டம். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதிப் பலகையில் ஒட்டிய பிறகுதான் பந்தை மேலே எறிந்தார். முதலில் சட்டம், பிறகு ஆட்டம். அந்த 13 விதிகளிலேயே நடுவர்கள் இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். ஒருவர் ஆட்களுக்கு நடுவர். இன்னொருவர் பந்துக்கு நடுவர். பிற்பாடு இந்தப் பிரிவினை மறைந்து, இன்று இரண்டு பேரோ மூன்று பேரோ எல்லாவற்றையும் சேர்ந்து பார்க்கிறோம். ஆனாலும் அந்தப் பழைய பிரிவினை எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சொன்னால் எவனும் ரொம்ப நேரம் சண்டை போட மாட்டான். ஆள் செய்தது தப்பு என்று சொன்னால்தான் வினை.

அதே ஸ்பிரிங்பீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்த பி.டி. மாஸ்டர்கள் வழியாகவும் மிஷன் பள்ளிகள் வழியாகவும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் வரைக்கும் இந்த ஆட்டம் வந்தது. எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கிடைத்தது. ஹாஸ்டலில் போட்டுவிட்டால் மூணு நேரமும் சோறு கிடைக்கும் என்றுதான் எங்க அம்மா கொண்டுபோய் விட்டது. சோற்றோடு சேர்த்து ஒரு சிமெண்டுத் தரையும் கிடைத்தது. ஊரில் நாங்கள் ஓடியாட இடம் என்றால் கண்மாய்க் கரைதான். அதுவும் ஊர்க்காரன் மாடு மேய்க்க வராத நேரத்தில். இங்கே 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், சுற்றிக் கோடு. கோட்டுக்குள்ளே வந்துவிட்டால் ஏன் வந்தாய் என்று கேட்க ஆள் கிடையாது.

விதிப் புத்தகத்தில் எனக்கு ரொம்பவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தரையில் நிற்கும் ஒவ்வொரு ஆட்டக்காரனைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளை இருக்கிறது என்கிறது புத்தகம். எதிராளி ஏற்கெனவே நிற்காத எந்த இடத்திலும் போய் நிற்க எவனுக்கும் உரிமை உண்டு. முறைப்படி நின்ற பிறகு அந்த இடமும், அதற்கு நேர் மேலே இருக்கிற காற்றும் அவனுடையது. குதித்தால் நேராகக் குதிக்க வேண்டும், நேராக இறங்க வேண்டும். வேறொருவன் வந்து மோதினால் மோதினவன்மேல்தான் பவுல். இதை முதல் தடவை படித்தபோது நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். திருக்குறளில் நடுவுநிலைமைக்கென்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அதை வகுப்பில் உரையோடு படித்து மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் எனக்குச் சட்டென்று உறைத்தது இந்த உருளைதான். டவுன் பஸ்ஸில், டீக்கடை பெஞ்சில், பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயடியில் எங்கள் ஆட்களுக்கு இந்த உருளையை யார் கொடுத்தான்? முதலில் வந்து உட்கார்ந்தவன் எழுந்து நிற்க வேண்டும், பின்னால் வந்தவன் உட்கார வேண்டும் என்பதல்லவா எங்க ஊர் விதி?

இன்னொன்றும் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் தொடுவது குற்றம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். பத்துப் பேர் ஓடுகிற இடத்தில் மேலே படாமல் முடியாது என்பது புத்தகத்துக்கும் தெரியும். பட்டதால் எதிராளிக்கு இடைஞ்சல் வந்ததா என்பதுதான் கேள்வி. யார் பட்டான், யார் மேலே பட்டது என்பது கேள்வியே இல்லை. விசில் ஊதிவிட்டு மேசைக்கு நான் காட்டுவதும் பெயரை அல்ல, எண்ணைத்தான். விரலால் எண், கையால் பவுலின் வகை, அப்புறம் பந்து போகிற திசை. அம்புட்டுத்தான். சாதிப் பட்டத்தைக் காட்ட இந்தச் சைகை மொழியில் ஒரு சைகையும் கிடையாது.

இனி கோச்சுகளுக்கு வருவோம்.

விதியை எதிர்த்துக் கேட்கிற கோச்சுகள் மூன்று வகை. முதல் வகை, விதி மாறியது தெரியாதவர். 2017 அக்டோபரிலிருந்து ஃபிபா டிராவலிங் விதியை மாற்றி எழுதியது. ஓடிக்கொண்டே பந்தைக் கைக்குள் எடுக்கும் கணத்தில் தரையில் இருக்கிற காலைக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதற்குப் பிறகுதான் ஒன்று, இரண்டு. இருபது வருசமாகப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரிச் சொல்லிக் கொடுத்த பி.டி. மாஸ்டர் "மூணு ஸ்டெப்பு, மூணு ஸ்டெப்பு" என்று கத்துவது நியாயம்தான். இரண்டாவது வகை, டி.வி.யில் என்.பி.ஏ. பார்த்துவிட்டு வருகிறவர். அங்கே விதி வேறு, இங்கே விதி வேறு என்பது அவருக்குத் தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் பதில் உண்டு. ஆட்டம் நின்றிருக்கும் நேரத்தில், குரலை உயர்த்தாமல், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லு, கூச்சலுக்குப் பதில் சொல்லாதே என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மூன்றாவது வகைக்கு விதி நன்றாகத் தெரியும். அவர் கத்துவது போன விசிலுக்காக இல்லை, அடுத்த விசிலுக்காக. ரெப்ரியின் காதில் பயத்தைப் போட்டு வைத்தால் கடைசி நிமிசத்தில் உதவும் என்ற கணக்கு. இவருக்காகத்தான் புத்தகத்தில் படிகள் இருக்கின்றன. முறைப்படி களத்தில் நடுவரிடம் மரியாதையாக விளக்கம் கேட்க உரிமை உள்ளவர் கேப்டன், கோச் அல்ல. கோச் மீறினால் முதலில் எச்சரிக்கை. அடுத்தது டெக்னிக்கல் பவுல். எதிரணிக்கு ஒரு ப்ரீ த்ரோ. கோச்சின் சொந்த நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் விழுந்தால் அவர் களத்தை விட்டு வெளியேற வேண்டும். வரம்பு மீறிய அசிங்கத்துக்கு ஒரே அடியில் தகுதிநீக்கம். இரண்டு ப்ரீ த்ரோ, பந்தும் எதிரணிக்கு. ஆட்டம் முடிந்த பிறகும் எதிர்ப்பைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. 15 நிமிசத்துக்குள் கேப்டன் ஸ்கோர் ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்கோர் எழுதியதில் தப்பு, கடிகாரத்தில் தப்பு என்றால் கேட்கலாம். பவுலா இல்லையா என்ற நடுவரின் பார்வையைப் பற்றிக் கேட்க முடியாது.

நான் விதியை எதிர்த்துக் கேட்பவர்களுக்கு எதிரி இல்லை. எதிர்த்துக் கேட்டுத்தானே நாங்கள் இந்த அளவுக்காவது நிமிர்ந்திருக்கிறோம். கேட்பதற்கு ஒரு வாசல், எழுதுவதற்கு ஒரு தாள், பதில் சொல்ல ஓர் ஆள் என்று வைத்திருக்கிற சட்டம் எனக்குப் பிடிக்கிறது. எங்க ஊர்ச் சட்டத்தில் இந்த மூன்றுமே கிடையாது.

இதெல்லாம் புத்தகம். கோர்ட்டில் நடப்பது வேறு.

சில வருசத்துக்கு முன்னால் தென்மாவட்டத்தில் ஒரு டவுன். கோடை மின்னொளிப் போட்டி, அரையிறுதி. கடைசிக் கால்பகுதியில் இரண்டு நிமிசத்துக்கும் குறைவாக இருக்கிறது. உள்ளூர் அணி எறிந்த பந்து வளையத்தில் பட்டு, வளையத்துக்கு மேலேயே ஒரு குதி குதித்தது. எதிரணியின் நெட்டைப் பையன் ஒருவன் எம்பி அதைத் தட்டி விட்டான். என்.பி.ஏ.வில் இது குற்றம், கூடை விழுந்ததாகக் கணக்கு. ஃபிபா விதியில் பந்து வளையத்தில் பட்டு எழும்பிய பிறகு தட்டலாம். நான் விசில் ஊதவில்லை. பந்து வெளியே போய் ஆட்டம் நின்றதும் உள்ளூர் கோச் கோட்டுக்கு ஓடி வந்தார்.

"ரெப்ரி, பேஸ்கட் கவுண்ட்டு! ரிங்குக்கு மேல கைய வச்சிட்டான்!"

"ரிங்குல பட்டுருச்சு சார். பட்ட பெறகு தட்டலாம்."

"எந்தப் புஸ்தகத்துல இருக்கு? டி.வி. பாக்கறதில்லையா நீரு?"

"அது என்.பி.ஏ. ரூலு சார். இங்க ஃபிபா."

பதில் சொல்லியாகிவிட்டது. மறுபடி கத்தினார், எச்சரித்தேன். மூன்றாம் முறை கையிலிருந்த அட்டையைத் தரையில் அடித்துவிட்டுக் களத்துக்குள் வந்தார். இரண்டு கையையும் 'டி' மாதிரி வைத்து டெக்னிக்கல் கொடுத்தேன். இதுவரைக்கும் எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது. கிட்டத்தில் வந்து, கனிவாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

நான் பதில் சொல்லவில்லை. மேசைப் பக்கம் திரும்பினேன். அவருடைய பெஞ்சிலிருந்து ஒருத்தன் ஊர் பெயரைச் சொன்னான்.

"ஊர்ல எங்கன?"

தோழர்களே, இந்த 'எங்கன' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எந்த அகராதியிலும் சரியான பொருள் போட்டிருக்க மாட்டான். பெஞ்சிலிருந்தே அதற்கும் பதில் வந்தது. "காலனிண்ணே." அவர் சிரித்தார். கேலரிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார்.

"அதானே பாத்தேன். அங்கெருந்து ஏறி வந்து நமக்கு ரூலு சொல்றாய்ங்கப்பா!"

கேலரியில் கொஞ்சப் பேர் சிரித்தார்கள். கொஞ்சப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டு கையையும் முஷ்டி பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினேன். அதுதான் தகுதிநீக்கத்துக்கான சைகை.

மேடையிலிருந்து போட்டி நடத்துகிறவர்களில் ஒருவர் துண்டைச் சரிசெய்துகொண்டே இறங்கி வந்தார். "தம்பி, அவரு ஊர்ல பெரிய மனுசன். ஏதோ வேகத்துல வந்துருச்சு. வாபஸ் வாங்கிருங்க, ஆட்டம் நடக்கட்டும்." என்னோடு ஊதிக்கொண்டிருந்தவர் மூத்த ரெப்ரி, எங்கள் சாதிக்காரர் அல்ல. அவர் ஒன்றும் பேசாமல் பந்தை எடுத்துக்கொண்டு ப்ரீ த்ரோ கோட்டில் போய் நின்றார். "அவரு குடுத்தது குடுத்ததுதாண்ணே. பையன எறியச் சொல்லுங்க" என்றார். கோச் வெளியே போனார். ஆட்டம் நடந்தது, முடிந்தது. யார் ஜெயித்தது என்பது இங்கே தேவையில்லை.

விசயம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தகுதிநீக்கம் செய்தால் நடந்ததை எழுதிப் போட்டி நடத்துகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எழுத உட்கார்ந்தேன். அதே மூத்த ரெப்ரி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, 'தகாத வார்த்தை பேசினார்'னு போட்டுருங்க. போதும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் தொந்தரவு வரக்கூடாது என்றுதான் சொன்னார். ஆனால் இந்தத் 'தகாத வார்த்தை'யை நான் எத்தனை போலீஸ் ஸ்டேசனில் பார்த்திருக்கிறேன். சாதியைச் சொல்லித் திட்டினான் என்று அழுதுகொண்டே சொல்வாள் ஓர் அக்கா. ஏட்டு எழுதுவார்: 'தகாத வார்த்தைகளால் திட்டி'. அந்த இடத்திலேயே வழக்கு செத்துப் போகும். என் அறிக்கையில் அதை நான் எழுத முடியுமா? 'எந்த ஊரு', 'ஊர்ல எங்கன', 'அங்கெருந்து ஏறி வந்து' என்று அவர் பேசினது பேசினபடியே, பேச்சு வழக்கிலேயே, மேற்கோள் குறி போட்டு எழுதினேன். மூத்தவர் வாங்கி இரண்டு தடவை படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கித் தன் கையெழுத்தையும் கீழே போட்டார்.

அறிக்கைக்குப் பதில் வரவில்லை. அடுத்த வருசம் அந்தப் போட்டிக்கு எனக்கு அழைப்பும் வரவில்லை. விசாரித்தபோது புதுப் பசங்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறோம் என்றார்கள்.

வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுத்திருக்கலாமே என்று இயக்கத் தோழர்கள் கேட்டார்கள். 1989ஆம் வருசச் சட்டம், 2015இல் திருத்தி வலுவாக்கப்பட்டது. பொதுப் பார்வையில் வைத்து இழிவுபடுத்துவது அதில் குற்றம். விளக்கு வெளிச்சத்தில் கேலரி நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தைவிடப் பொதுப் பார்வை எது? ஆனால் அந்த மனிதர் சாதிப் பெயரைச் சொல்லவே இல்லையே. 'அங்கெருந்து' என்றார். அம்புட்டுத்தான். எங்கள் ஊர்களில் திசையே சாதி. கிழக்கே, தெற்கே, கண்மாய்க்கு அங்கிட்டு என்றாலே ஆளுக்கு ஆள் புரிந்துகொள்வான். கோர்ட்டில் வக்கீல் கேட்டால் ஊரைத்தானே கேட்டேன் என்பான். சாட்சிக்கு வருகிறேன் என்று சொன்ன இரண்டு பேர் மறுநாள் போனை எடுக்கவில்லை. எழுத்தில் மிஞ்சியது அந்த அறிக்கையும் இரண்டு கையெழுத்தும்தான்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்லும்போது 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியாட்டத்தைச் சொல்லாமல் முடியாது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் ஆடிய ஆட்டம். மூன்று வினாடி பாக்கி இருக்கும்போது அமெரிக்கா 50-49 என்று முன்னால் வந்தது. நாங்கள் டைம் அவுட் கேட்டிருந்தோம், மேசையில் கொடுக்கவில்லை என்று சோவியத் பயிற்சியாளர்கள் களத்துக்குள் ஓடி வந்தார்கள். அந்தக் குழப்பத்தில், ஃபிபாவின் பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்து, கடிகாரத்தில் மூன்று வினாடியைத் திரும்ப வைக்கச் சொன்னார். நடக்கும் ஆட்டத்தில் அப்படித் தலையிட விதிப்படி அவருக்கு அதிகாரமே கிடையாது. ஆனாலும் வைத்தார்கள். அதுவும் ஒரு தடவையில் சரியாக அமையாமல் மறுபடி ஆடவிட்டார்கள். பெலோவ் போட்ட கூடையில் சோவியத் 51-50 என்று ஜெயித்தது. அமெரிக்கர்களின் முறையீட்டை ஐந்து பேர் குழு 3-2 என்று தள்ளியது. அமெரிக்க ஆட்டக்காரர்கள் வெள்ளிப் பதக்கத்தைத் தொடவே இல்லை. களத்தில் விசில் வைத்திருந்த பிரேசில்காரர் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

டைம் அவுட் விசயத்தில் சோவியத் பக்கம் நியாயம் இருந்ததா இல்லையா என்பது தனி விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது, மேலே உட்கார்ந்திருந்த பெரிய மனுசன் இறங்கி வந்ததும் விதிப் புத்தகம் மூடிக்கொண்டது. ஒலிம்பிக்கிலேயே இப்படி என்றால் எங்க டவுன் மின்னொளிப் போட்டி எம்மாத்திரம்? மேடை எங்கேயும் களத்துக்குள் இறங்கி வரத்தான் பார்க்கும். இறங்கி வந்த பிறகு நடுவரிடம் மிஞ்சுவது கையெழுத்து ஒன்றுதான். போடுவதா, மறுப்பதா, உண்மையை எழுதிவிட்டுப் போடுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் கோச்சுக்கு என்மேல் கோபம் ஏன் வந்தது என்று பல நாள் யோசித்தேன். அவருடைய அணியிலேயே எங்கள் காலனிப் பையன்கள் இரண்டு பேர் ஆடினார்கள். அவர்கள் கூடை போட்டால் கட்டிப் பிடித்துத் தட்டிக்கொடுக்கத்தான் செய்தார். ஓடுகிற காலையும் எறிகிற கையையும் அவரால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. தீர்ப்புச் சொல்கிற வாயைத்தான் முடியவில்லை. பழைய கதைதான் இது. பல்வாங்கர் பாலு என்ற தலித் பந்து வீச்சாளர் 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். அவருக்கு இந்து அணியின் கேப்டன் பதவியைக் கொடுக்கவே இல்லை. 1923இல்தான் அவருடைய தம்பி விட்டல் கேப்டன் ஆனார். பந்து வீசலாம், யார் வீசுவது என்று சொல்லக் கூடாது.

எங்க அப்பா ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பல தடவை போயிருக்கிறார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். மாடு பயிரை மேய்ந்தது என்று நின்றார். வரி பாக்கி என்று நின்றார். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை, 'இதுதான் நியாயம்' என்று ஒரு வார்த்தை அங்கே சொன்னதில்லை. 1996இல் மேலவளவு ஊராட்சியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். தலைவராகி உட்கார்ந்த முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் அந்த நாற்காலியில் ஒரு தலித் முறையாக உட்கார 2006 வரை ஆனது. என் விசிலை அந்த நாற்காலியோடு ஒப்பிட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு நடந்தது அதில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் 'ஊர்ல எங்கன' என்ற கேள்வி வருகிற வாய் ஒன்றுதான்.

நடுவர்களையும் சும்மா விட்டுவிட முடியாது. அமெரிக்காவில் ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் வோல்ஃபர்ஸ் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 1991 முதல் 2004 வரையான என்.பி.ஏ. ஆட்டங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். நடுவர் குழுவின் நிறத்தைப் பொறுத்து, வேற்று நிற ஆட்டக்காரர்கள்மேல் பவுல் கூடுதலாக விழுகிறது என்று கண்டார்கள். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் இருந்தது. 2007இல் இது பத்திரிகைகளில் வந்து பெரிய சர்ச்சை ஆனது. என்.பி.ஏ. நிர்வாகம் மறுத்தது. பிற்பாடு அவர்களே இன்னொருவரோடு சேர்ந்து அடுத்த வருசங்களின் கணக்கைப் பார்த்தபோது, விசயம் ஊரறியப் பேசப்பட்ட பிறகு அந்தச் சாய்வு மறைந்திருந்தது. 2018இல் அது வெளியானது.

இதை நான் அடிக்கடி மாணவத் தோழர்களிடம் சொல்வேன். அங்கே யாரையும் தண்டிக்கவில்லை. கணக்கெடுத்தார்கள், எழுதினார்கள், எல்லாரும் படித்தார்கள். இங்கே சாதிக்கு அப்படி ஒரு கணக்கை எடுக்க யாராவது தயாரா? எந்த மாவட்டத்தில் எத்தனை ரெப்ரி, எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், இறுதியாட்டத்துக்கு விசில் யாரிடம் போகிறது, யாரை முதல் சுற்றோடு அனுப்பிவிடுகிறார்கள் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதினாலே போதும். விளையாட்டில் சாதி கிடையாது என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களிடம் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டலாம்.

காலனியில் கூடைப்பந்து ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முட்டி தேய்ந்ததும் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரெப்ரி தேர்வு இருக்கிறது. எழுத்துத் தேர்வு, வாய்மொழி, களத்தில் ஊதிக் காட்டுவது, ஓட்டச் சோதனை எல்லாம் உண்டு. விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். நான்கைந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மாசத்தில் தமிழில் படித்துவிடலாம். எங்க ஊரில் இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சர்ச்சு முடிந்ததும் படிக்கிறோம். மூன்று பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண்ணின் குரல் மெதுவானது, விசில் மட்டும் தெருவுக்கே கேட்கும்படி ஊதுகிறாள்.

போன வாரம் அறிக்கை எழுதுவது எப்படி என்ற பாடம் நடந்தது. 'தகாத வார்த்தை' என்று எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சொன்னது என்ன, சொன்னவர் யார், கடிகாரத்தில் எத்தனை நிமிசம் இருந்தது, யார் யார் கேட்டார்கள் என்று வரிசையாக எழுதப் பழக்குகிறோம். அடுத்த மாசம் அவர்களுக்குத் தேர்வு.